வேறு வேலைக்குப் போகச் சொல்கிறவர்கள், படிக்க நேரம் கொடுங்கள்

"இன்னும் ஏன் இதே வேலையைச் செய்கிறார்கள்? படித்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே?"

தூய்மைப் பணியாளர்கள் போராடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில் வருகிறது, முகநூலில் வருகிறது, நம் தோழர்கள் சிலரின் வாயிலிருந்தும் வருகிறது. 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. அதற்குப் பிறகு நடந்த விவாதத்தில், முற்போக்கான தொனியிலேயே ஒரு வாதம் வைக்கப்பட்டது: பணி நிரந்தரம் கேட்பது சாதித்தொழிலை நிரந்தரமாக்குவதுதான், அவர்களை அந்த வேலையிலிருந்து வெளியே கொண்டுவருவதே விடுதலை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே வர வழி எது என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இல்லை.

வழியை நாமே நடந்து பார்ப்போம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, 38 வயது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். களப்பணியில் நான் தினமும் பார்க்கும் ஆட்கள் இவர்கள்தான். காலை ஆறு மணிக்கு வார்டில் வருகைப் பதிவு. அதற்காக நாலு மணிக்கே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வர வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். பிறகு தண்ணீர், துணி, பிள்ளைகள். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி கிடையாது. நாலு நாள் வராவிட்டால் வேலையே கிடையாது.

இவர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி வகுப்பு உண்டு, அதற்குப் பள்ளிக்கு நேரில் போக வேண்டும். அது நடப்பது பகலில். இதைத் தாண்டினால் பன்னிரண்டாம் வகுப்பு. அதையும் தாண்டினால் கல்லூரி. ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, ஆண்கள் 40 வயது வரை சேரலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ பகல் முழுக்க வகுப்பில் இருக்க வேண்டும். கிடைக்கும் உதவித்தொகை மாதம் 750 ரூபாய். பதினாறு வயதுப் பையனுக்கு அது பஸ் செலவுக்காவது ஆகும். வீட்டு வாடகை கட்டுகிற அம்மாவுக்கு?

நம் நலத்திட்டங்கள் எல்லாமே மாணவர் என்றால் பதினெட்டு வயது என்று கணக்குப் போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். நல்ல திட்டம்தான், நம் பிள்ளைகள் நிறையப் பேர் பலனடைகிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அறுத்துக்கொண்டு போன படிப்பை முப்பத்தெட்டு வயதில் முடிச்சுப் போட வருகிறவள் அந்தத் திட்டத்தின் கண்ணில் பெண்ணே இல்லை.

"படிக்க மாட்டேன்னு யார் தம்பி சொன்னா? எந்த நேரத்துல படிக்கிறதுன்னு நீயே சொல்லு" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். சமூகவியலில் முதுகலை படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. விவாத மேடைகளில் "வெளியே வாருங்கள்" என்கிறவர்களுக்காவது தெரியுமா?

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் பட்டம் படிக்கலாம் என்றுதான் அது வந்தது. நம்பிச் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் பட்டமும் வாங்கினார்கள். 2009இல் தமிழக அரசின் அரசாணை 107 வந்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்றது. சட்ட நியாயம் ஆயிரம் சொல்லலாம். அந்தக் கதவால் நுழைந்தவர்கள் யார்? பள்ளியை முடிக்க முடியாதவர்கள். பள்ளியை முடிக்க முடியாதவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

அடுத்தது சமுதாயக் கல்லூரி. இதன் மூலம் அமெரிக்கா. 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய ஜூனியர் கல்லூரியிலிருந்து அதன் வரலாற்றைச் சொல்வார்கள். வேலை பார்த்துக்கொண்டே முப்பது, நாற்பது வயதில் வந்து சேரலாம். மாலையில் படிக்கலாம். இரண்டு வருடப் படிப்பை முடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்குப் போகலாம். அங்கும் நிறவெறியும் கட்டண உயர்வும் உண்டு, அதைச் சொர்க்கமாகக் காட்ட வேண்டாம். ஆனால் நடுவயதில் தொழில் மாறுவது ஒரு மனிதருக்கு இயல்பாக வரும் தேவை, அதற்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்று அந்த அமைப்பு ஒப்புக்கொள்கிறது.

அந்தச் சிந்தனை 1995இல் புதுச்சேரிக்கு வந்தது, பிறகு சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் பரவியது. நல்ல மனதோடு நடத்தியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே அது பெரும்பாலும் ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. தையல், அழகுக்கலை, நோயாளிகளுக்கு உதவியாளர், கணினியில் டைப் அடிப்பது. அதோடு முற்றுப்புள்ளி. அதிலிருந்து பட்டப் படிப்புக்கு ஏறப் படி இல்லை. ஏழைக்குச் சான்றிதழ், மற்றவனுக்குப் பட்டம். இதுவும் ஒரு இரட்டைக் குவளைதான் தோழர்களே.

சட்டம் என்ன சொல்கிறது? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவு மறுவாழ்வு பற்றியது. தொழிற்பயிற்சியின்போது மாதம் குறைந்தது 3,000 ரூபாய் உதவித்தொகை என்கிறது. ஒரு நாளைக்கு 100 ரூபாய். தெருக்கூட்டும் தொழிலாளி அந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வர மாட்டார், அவருக்கு அதுவும் இல்லை.

இதை ஒன்றிய அரசின் இன்னொரு திட்டத்தோடு ஒப்பிடுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர் உள்ளிட்ட 18 தொழில்கள். பரம்பரைத் தொழிலில் பயிற்சி எடுத்தால் நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிறகு குறைந்த வட்டியில் கடன். அது சில நாள் பயிற்சிதானே, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒப்பிடத்தான் வேண்டும். அப்பன் தொழிலில் தேர்ச்சி பெற நாளுக்கு 500, அப்பன் தொழிலை விட்டு ஓட நாளுக்கு 100 என்றால், அரசுக்கு எது விருப்பம் என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது.

தமிழ்நாடு அரசு விஸ்வகர்மா திட்டத்தை ஏற்க மறுத்தது. சரியான முடிவு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை அடுத்த ஆண்டே விரட்டிய மண் இது. ஆனால் குலக்கல்வியை எதிர்ப்பது பாதி வேலைதான். குலத்தொழிலை விட்டு வெளியேறக் கல்வி எங்கே? எட்டு வயதுப் பிள்ளையைக் குலத்தொழிலிலிருந்து காப்பாற்றிய நாம், அந்தத் தொழிலில் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட நாற்பது வயதுக்காரரை "உன் பிள்ளையைப் படிக்க வை" என்று சொல்லிக் கைகழுவிவிட்டோம். அவருக்கு இன்னும் இருபது வருட உழைப்பு பாக்கி இருக்கிறது. அந்த இருபது வருடத்தைக் குப்பை வண்டிக்கு எழுதிக் கொடுக்க நாம் யார்?

அம்பேத்கர் இந்த இடத்தில் தெளிவாக இருந்தார். மனிதர் தன் தொழிலை மாற்றிக்கொள்ள விடாததே சாதியின் பெரிய கேடுகளில் ஒன்று, வேலையின்மைக்கும் அது காரணம் என்று 1936இலேயே வாதிட்டார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவந்தவர், கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணத்தோடும் சாகு மகாராஜாவின் உதவியோடும் 1920இல், 29 வயதில், விட்ட படிப்பைப் பிடிக்கத் திரும்பிப் போனார். 1946இல் பம்பாயில் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலையிலேயே வகுப்புகள் வைத்தார். அவரது மக்கள் கல்விக் கழகம் இரவுப் பள்ளியும் நடத்தியது. "கற்பி" என்று அவர் சொன்னதைச் சுவரில் எழுதுகிற நாம், வகுப்பு எத்தனை மணிக்கு என்று அவர் யோசித்ததை மறந்துவிட்டோம்.

இப்போது ஆரம்ப வாதத்துக்கு வருகிறேன். பணி நிரந்தரம் சாதித்தொழிலை நிரந்தரமாக்குமா? நேர் எதிர். நிரந்தரப் பணியாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மாதச் சம்பளம் வரும் என்ற நிச்சயம் உண்டு. தேர்வு எழுத மூன்று நாள் போனால் வேலை போய்விடாது. ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு நிற்பவருக்கு இதில் எதுவும் இல்லை. கால் வைக்கத் தரை இல்லாதவனைத் தாண்டு என்று சொல்ல முடியாது. அந்தத் தரைதான் பணி நிரந்தரம். ஆகவே நிரந்தரமா விடுதலையா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது, இரண்டையும் கொடுக்காமலிருக்க அரசுக்குக் கிடைத்த சாக்கு.

தொழிலாளர்களுக்கு ஆர்வமில்லை, தையல் மிஷின் கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஒரே குடியிருப்பில் நாற்பது பேருக்குத் தையல் மிஷின் கொடுத்தால் யார் துணியை யார் தைப்பது? டீக்கடை வைத்துக் கொடுத்தால் ஊர்த்தெருக்காரர் வந்து குடிப்பாரா? சாதி சந்தையிலும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நமக்கு மிஷின் போதாது. சம்பளமுள்ள வேலைக்கு அழைத்துப் போகிற படிப்பு வேண்டும்.

கோரிக்கைகள் இவை. தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்கு. படிக்க விரும்புபவருக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு கொடு. தொழில் மாறப் படிக்கும் காலத்துக்கு 3,000 அல்ல, குறைந்தபட்சக் கூலியை உதவித்தொகையாகக் கொடு. அரசுக் கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாலை ஆறு மணிக்கு மேல் முறையான பட்ட, பட்டய வகுப்புகளை நடத்து. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அதே கட்டடத்தில், அதே மாலையில் நடக்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் இடம் இருக்கட்டும். துப்புரவு ஆய்வாளர் படிப்பில் பணியிலிருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு இடம் ஒதுக்கு. பதினைந்து வருடம் ஊரின் ஒவ்வொரு சாக்கடையும் எங்கே அடைக்கும் என்று தெரிந்தவரை, போன வருடம் சான்றிதழ் வாங்கியவர் நின்று அதட்டும் காட்சி போதும்.

மாணவத் தோழர்களுக்குக் கைவசம் வேலை இருக்கிறது. உங்கள் நகராட்சியில் 13ஆம் பிரிவின்படி எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், என்ன பயிற்சி, அதில் எத்தனை பேர் வேறு வேலையில் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை வெளியிடுங்கள். உங்கள் பகுதிக் குடியிருப்பில் தனித்தேர்வு எழுத விரும்புகிறவர்கள் பட்டியல் எடுங்கள். விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். வாரத்தில் மூன்று மாலை கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். அரசு செய்ய வேண்டியதை நாம் செய்து முடித்துவிட முடியாது. ஆனால் "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்ற பொய்யை ஒரே வருடத்தில் உடைத்துவிட முடியும். அந்தப் பெயர்ப் பட்டியலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாலைக் கல்லூரி எப்போது திறக்கிறீர்கள் என்று கேட்போம்.

ஜெய் பீம்.