பயிற்சி உண்டு, பணி இல்லை!

கோடை விடுமுறை தொடங்கியதும் மின்பொறியியல் மாணவர்கள் கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்துடன் ரயில்வே பணிமனைகளையும் லோகோ ஷெட்டுகளையும் நாடிச் செல்கின்றனர். 25,000 வோல்ட் மின்தடத்தையும் இழுவை மோட்டாரையும் சிக்னல் சுற்றுகளையும் அருகிருந்து கற்க வேண்டும் என்ற அவர்களது ஆர்வம் நியாயமானது. 1925ஆம் ஆண்டு பம்பாயில் முதல் மின்ரயில் ஓடிய நாட்டில், இன்று அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டது. மின்பொறியாளரின் தேவை பன்மடங்கு பெருகியிருக்க வேண்டும். ஆனால், ஆட்சியாளர்கள் பெருக்குவது பயிற்சியிடங்களை, பணியிடங்களை அல்ல.

2016ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில், பொறியியல் மற்றும் மேலாண்மை மாணவர்கள் 100 பேருக்கு ஆண்டுதோறும் உள்ளகப் பயிற்சி என்று அறிவித்தார்கள். 1927 முதல் ஜமால்பூரில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, பயிற்சி முடிந்ததும் நிரந்தரப் பதவியில் அமர்த்திவந்த திட்டத்துக்கு மூடுவிழா நடந்ததும் அதே காலத்தில்தான். அத்திட்டம் மிகச் சிலருக்கே வாய்ப்பளித்தது என்பது உண்மை. எனினும், பயிற்சியின் முடிவில் வேலை உண்டு என்ற நெறி அதில் இருந்தது. அந்நெறியை எல்லோருக்கும் விரிவாக்குவதற்குப் பதிலாக அடியோடு கைவிட்டனர்.

2024ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ஒன்றிய அரசு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு 500 பெருநிறுவனங்களில் உள்ளகப் பயிற்சியாம்! மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையில் 4,500 ரூபாயை அரசு தரும் என அப்போது அறிவிக்கப்பட்டது. நிறுவனத்தின் பங்காக வைக்கப்பட்டது வெறும் 500 ரூபாய். உழைப்பைப் பெறுவது கார்ப்பரேட், ஊதியச் சுமையை ஏற்பது மக்கள் வரிப்பணம்!

சட்டமும் இளைஞரின் பக்கம் இல்லை. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது. அவர்களை வேலைக்கு எடுப்பதா இல்லையா என்பதை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் முதலாளியின் சொந்தக் கொள்கைக்கே விட்டுவிட்டது. கோடைக்காலப் பயிற்சிக்கு வரும் மாணவருக்கோ இந்தச் சட்டத்தின் நிழல்கூட இல்லை. 2018 மார்ச்சில் ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்த இளைஞர்கள் மும்பையில் தண்டவாளத்தில் அமர்ந்து வேலை கேட்டது இதனால்தான்.

'பயிற்சி தருவதே பெரிது, வேலையும் கேட்பதா?' என்று சிலர் வினவுகின்றனர். வேலையே இல்லையென்றால் இவ்வாதத்துக்குப் பொருளுண்டு. 2023ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பதிலின்படி, ரயில்வேயில் சுமார் 2.74 லட்சம் பணியிடங்கள் காலியாக இருந்தன. அவற்றில் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டவை பாதுகாப்பு சார்ந்தவை. அதே ஆண்டு ஜூன் 2 அன்று பாலசோரில் 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கோர விபத்துக்கு, சிக்னல் சுற்றில் நடந்த மாற்றப் பணியின் பிழையே காரணமென விசாரணை கூறியது. 2024 ஜூனில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் விபத்து நிகழ்ந்த பின்னரே, 5,696ஆக இருந்த உதவி லோகோ பைலட் பணியிட அறிவிப்பு 18,799ஆக உயர்த்தப்பட்டது. பிணங்கள் விழுந்தால்தான் காலியிடம் அரசின் கண்ணுக்குத் தெரியுமா?

மறுபுறம், கற்கும் களமே கைமாறுகிறது. சித்தரஞ்சன் ஆலை 1961 முதல் மின் எஞ்சின்களை உருவாக்கிவருகிறது. ஆனால், மாதேபுராவில் 800 எஞ்சின்களுக்கான ஒப்பந்தம் அல்ஸ்டோமுக்கு. தாஹோதில் 1,200 எஞ்சின்களும் அவற்றின் 35 ஆண்டுப் பராமரிப்பும் சீமென்ஸுக்கு. தாஹோதில் ஆலை ரயில்வேயுடையது, பராமரிப்பு ஊழியரும் ரயில்வேயினரே. தொழில்நுட்பத்தின் சாவி மட்டும் பன்னாட்டு நிறுவனத்தின் கையில்! நாளைய மாணவர் பொதுத்துறையில் எதைக் கற்பார்?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ரயில்வேயில் உள்ளகப் பயிற்சி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் உதவித்தொகையும் விபத்துக் காப்பீடும் வேண்டும். பழகுநர் பயிற்சி முடித்தோருக்கு நிரந்தர வேலை வேண்டும். காலியிடங்கள் அனைத்தையும் இடஒதுக்கீட்டின்படி உடனே நிரப்ப வேண்டும். எஞ்சின் உற்பத்தியும் பராமரிப்பும் பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும்.

மாணவரின் எதிர்காலமும் பயணியின் உயிரும் ஒரே தண்டவாளத்தில்தான் செல்கின்றன. மாணவர், இளைஞர், ரயில்வே தொழிலாளர் ஆகியோரின் ஒன்றுபட்ட போராட்டமே அவ்விரண்டையும் காக்கும்.