எலும்புச் சாறும் எச்சில் என்னும் தயக்கமும்



வகுப்பறையைப் பற்றியே எழுதிவரும் நான் இம்முறை அடுப்படிக்குள் நுழைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இரண்டுக்கும் இடையிலான தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் எண்ணம். சமைத்து மிஞ்சிய ஆட்டெலும்பையும் கோழியெலும்பையும் குப்பையில் எறியாமல், நீரிட்டு நெடுநேரம் காய்ச்சிச் சாறெடுத்து வைக்கும் வழக்கத்தை நம் வீடுகள் மீண்டும் கைக்கொள்ள வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சைவ உணவினர் பொறுத்தருள்க. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரை இறுத்து எடுக்கிறார்களே, அதுவும் இதே அறிவுதான்.

நாம் காய்கறி வாங்கப் போகும் இடத்தின் பெயர்களிலேயே கால்நடை இருக்கிறது. சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தின் நடுவிடமாக விளங்கியது. பஃப்ளோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையின் பெயருக்கு மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். அச்சந்தை 1982ஆம் ஆண்டில் இன்றைய கட்டடத்துக்கு இடம் மாறியது. சூஜியாவ் நிலையம் என்ற பெயரைச் சில காலம் சுமந்து, 2000ஆம் ஆண்டில் மக்கள் வாயில் வழங்கிய தேக்கா என்ற பெயரையே பெற்றது. அங்குள்ள ஆட்டிறைச்சிக் கடைகளில் 'சூப்புக்கு எலும்பு' என்று கேட்டால் இன்றும் புரிந்துகொண்டு வெட்டித் தருகிறார்கள். ஆனால் கேட்போரில் இளையவர்களைக் காண்பது அரிது. எலும்பில்லாத் துண்டுகளைத் தேடுவோரே மிகுதி.

இந்நகரத்தில் எலும்பை மதித்த மரபுகளுக்குக் குறைவில்லை. இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் வளர்த்த சூப் கம்பிங்கும், சிவந்த குழம்பில் நல்லி எலும்பைப் போட்டு, உறிஞ்சுகுழாயும் கையுமாக உண்ணவைக்கும் சூப் துலாங்கும் சிங்கப்பூரின் சொத்துகள். பீச் சாலையில் உள்ள கோல்டன் மைல் உணவு நிலையம் இதற்குப் பெயர்பெற்றது. துலாங் என்றால் மலாயில் எலும்பு. சீனர்களின் பாக் குட் தே என்ற பெயருக்கு இறைச்சி எலும்புத் தேநீர் என்று பொருள். நம் மிளகுத்தண்ணீரோ ஆங்கிலேயர் வாயில் முல்லிகட்டானியாகி, அவர்கள் இறைச்சிச் சாற்றையும் அதில் ஊற்றி, ஆங்கில அகராதிக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது. உலகுக்குச் சொல் கொடுத்த நாம் வீட்டில் உப்புக் கட்டியைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

உப்புக் கட்டி என்று நான் குறிப்பது கடையில் விற்கும் சூப் கட்டிகளை. 2022ஆம் ஆண்டுத் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சோடியம் ஏறத்தாழ 3,600 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 2,000 மில்லிகிராம். கட்டியில் கலந்த உப்பை நம்மால் பிரித்தெடுக்க இயலாது. வீட்டுச் சாற்றில் உப்பின் அளவு நம் விரல்களில் இருக்கிறது.

இவ்வளவு நல்லதாயின் ஏன் செய்வதில்லை என்று பெற்றோர் சிலரிடம் கேட்டேன். நேரமின்மையைச் சொன்னார்கள். சற்று நெருங்கிப் பேசியபோது உண்மையான காரணம் வெளிவந்தது. "எச்சில் எலும்பை மறுபடி உலையில் வைப்பதா?" என்றார் ஒரு தாய். இதை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எச்சில் என்பது நம் பண்பாட்டில் ஆழ வேரூன்றிய கருத்து. நெடுநேரக் கொதிப்பில் கிருமிகள் மடியும் என்று அறிவியல் காட்டி, கடித்துத் துப்பிய எலும்பைச் சட்டியில் இடச் சொல்வது வாதத்தில் வெல்லும், வீட்டில் வெல்லாது. வெல்லவும் வேண்டியதில்லை. தமிழ் இங்கே நமக்குத் துணைநிற்கிறது. எச்சில் வேறு, மிச்சம் வேறு. தட்டில் கிடப்பது எச்சில். சட்டியில் கிடப்பது மிச்சம். பரிமாறுவதற்கு முன்பே வறுத்த கோழியின் கூட்டிலிருந்து இறைச்சியைப் பிரித்துவிட்டால், எஞ்சிய எலும்புக்கூடு எவர் வாயும் படாத மிச்சம்தான். மார்புக்கறியை அறுத்தெடுத்த பின் நிற்கும் பச்சை எலும்பும் அவ்வாறே. அவற்றை ஒரு பையிலிட்டு உறைபெட்டியில் சேர்த்து வாருங்கள். மூன்று நான்கு வாரங்களில் ஒரு சட்டிக்கு ஆகிவிடும்.

இனிச் செய்முறை. பச்சை எலும்பாயின் முதலில் நீரிட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, திரண்டெழும் நுரையோடு அந்நீரைக் கொட்டிவிட்டு எலும்பைக் கழுவுங்கள். நம் சீன அண்டைவீட்டார் தவறாமல் செய்வது இது. சாற்றின் தெளிவுக்கு உதவும். ஏற்கெனவே வெந்த எலும்புக்கு இது தேவையில்லை. பின்னர் எலும்பு மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்குமளவு குளிர்ந்த நீர் ஊற்றி, மெல்லிய தீயில் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும். ஓரிரு குமிழிகள் மட்டும் சோம்பலாக எழுந்தால் போதும். கோழிக்கு மூன்று மணிநேரம், ஆட்டுக்கு ஐந்து மணிநேரம் ஆகும். அடுப்பருகே அவ்வளவு நேரம் நிற்க இயலாதோர்க்குப் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதில் கோழிக்கு முக்கால் மணியும் ஆட்டுக்கு ஒன்றேகால் மணியும் போதும். இறக்குவதற்கு ஒரு மணிநேரம் முன் தட்டிய மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, எறிந்துவிடும் கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றைப் போடலாம். குக்கரில் தொடக்கத்திலேயே போடுவதைத் தவிர வேறு வழியில்லை. உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். சாறு சுண்டச் சுண்ட உப்பும் கூடும். பின்னர் அதைக் குழம்பில் ஊற்றும்போது திண்டாட நேரும்.

வடித்த பிறகே முதன்மையான வேலை இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் சட்டியை இரவு முழுதும் அடுப்பின்மேல் விட்டுவைக்கலாகாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் பனிக்கட்டி நீர் நிரப்பிச் சட்டியை அதில் அமர்த்தி ஆற்றி, இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்று நாளைக்குத் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமாயின் சிறு டப்பாக்களில் உறையவைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். மேலே வெண்ணிறக் கொழுப்பு ஏடாகப் படிந்திருக்கும். கீழே சாறு பாகுபோல் உறைந்து நடுங்கும். எலும்பையும் குருத்தெலும்பையும் பிணைத்திருந்த கொலாஜன் என்னும் புரதம் நெடுநேர வெப்பத்தில் ஜெலட்டினாக மாறியதன் விளைவு அது.

ஆனால் இச்சாற்றை மருந்தாக்கி விற்போரின் பேச்சை நான் ஏற்பதில்லை. மூட்டுவலி நீங்கும், தோல் மினுங்கும், எலும்பு இரும்பாகும் என்கிறார்கள். எலும்பிலிருந்து சாற்றுக்குள் இறங்கும் சுண்ணாம்புச் சத்து மிகச் சிறிதே. ஒரு குவளைப் பாலுக்கு அது ஈடாகாது. யூரிக் அமிலத் தொல்லை உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்பே அருந்த வேண்டும். சுவைக்காகவும் சிக்கனத்துக்காகவும் செய்வோம். அவ்விரண்டே போதிய காரணங்கள். 2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக்கழிவு 813,000 டன் என்றும், அதில் 18 விழுக்காடே மறுபயனீடு கண்டது என்றும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு கூறுகிறது. எஞ்சியது எரிந்து சாம்பலாகிச் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. நம் ஒரு சட்டி எலும்பு இந்த எண்ணை அசைத்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதில் உள்ள அக்கறை வேறு. தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் 'சுண்டுதல்' என்ற சொல்லை விளக்க ஒருமுறை முயன்றேன். நாணயத்தைச் சுண்டுவது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. நீர் சுண்டுவது ஒருவருக்கும் தெரியவில்லை. கொதித்தல், காய்ச்சுதல், வற்றுதல், சுண்டுதல், இறுத்தல், வடித்தல், உறைதல் ஆகிய சொற்களை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்விக்கலாம். தேர்வுக்கு வரும், நாவுக்கு வராது. ஒரு சட்டிச் சாறு காயும் நேரத்துக்குள் இத்தனையும் கண்முன்னே நிகழ்கின்றன. பாட்டியோ தாயோ அருகில் நின்று, "பார், வற்றிவிட்டது, இன்னும் கொஞ்சம் நீர் ஊற்று" என்று சொன்னால் போதும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். வாரத்தில் சில மணிநேரமே எங்கள் கையில் இருக்கிறது. 'சுண்டுதல்' என்ற சொல் ஆசிரியர் வாயிலிருந்து மட்டுமே பிள்ளையின் காதில் விழுமானால், அது பாடச்சொல்லாகவே இருந்து மறையும். பெற்றோர்களிடம் நான் கேட்பது பயிற்சித்தாளைத் திருத்தித் தருவதையன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, அடுப்படியில் தமிழில் பேசிக்கொண்டு ஒரு சட்டியைக் காயவைப்பதைத்தான்.

உயர்நிலை மாணவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் சிறிது தொலைவு போகலாம். எலும்புக்கு என்பு என்று ஒரு பெயர் உண்டு. அன்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஆள்வது அச்சொல்லையே. சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளில் என்பை அடுத்து வருவது மூளை; அங்கே அச்சொல் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைக் குறிக்கும். நல்லி எலும்பைத் தட்டி உண்ணும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டான்.

மீன்முள்ளிலும் இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகச் செய்யலாம். மீன்தலைக் கறிக்குப் பேர்போன ஊரல்லவா இது! ஆனால் மீனுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கூடாது, கசப்பேறிவிடும். நெத்திலி, மத்தி போன்ற எண்ணெய் மிகுந்த மீன்களும் வேண்டாம். கொடுவாய், சிவப்புமீன் ஆகியவற்றின் தலையும் நடுமுள்ளும் நன்று. செவுளை மட்டும் மறவாமல் நீக்கிவிடுங்கள்.