ஆற்றுப்படுத்துநரிடம் செல்லுமுன்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு மடல் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்துவாரத்து அலையில் மூத்த மகனைப் பறிகொடுத்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அன்று முதல் கணவர் வலையைத் தொடுவதில்லை, இரவில் உறங்குவதில்லை, மாலையானால் குடி. ஏரியில் தம் பாடு வரும் நாளிலும் திண்ணையை விட்டு எழுவதில்லை. மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், சென்னையில் தனியாகக் கவுன்சலிங் செய்பவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லும்படி கூறினாராம். "காசு கொடுத்து ஓர் அந்நியரிடம் போய் நாங்கள் என்ன பேசுவது? அவர் எங்களை என்ன செய்வார்? ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்களே" என்று கேட்கிறார் அச்சகோதரி.

அவர் கேட்டுவிட்டார், கேளாமல் மனத்துள் வைத்திருப்போர் நம் பங்குகளில் பலர். ஆகவே அவருக்குரிய மறுமொழியை அனைவரும் படிக்க இங்கே எழுதுகிறோம்.

கவுன்சலிங் என்பதனை ஆற்றுப்படுத்துதல் என்று தமிழில் வழங்குகிறோம். பொருத்தமான சொல்லே. பழைய ஆற்றுப்படை நூல்களில், வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனுக்கு வழி காட்டுகிறான். வழியைச் சொல்வது அவன் கடமை. நடக்க வேண்டியவன் வந்தவனே. ஆற்றுப்படுத்துநரின் பணியும் இத்தகையதே.

முதலில் யார் யார் என்பதை அறிந்துகொள்வோம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் பயின்றவர். மாத்திரை எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டியவர். ஆற்றுப்படுத்துநரோ பேச்சாலும் செவிமடுத்தலாலும் உதவுபவர், மாத்திரை தரமாட்டார். தனியே அறை அமைத்து இப்பணி செய்வோருக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக உரிமம் கட்டாயமாக இருந்ததில்லை. ஆகவே, "என்ன படித்தீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று, நம் உரிமை.

முதல் நாளில் நிகழ்வது என்ன? பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை உட்கார்ந்து பேசுவீர்கள். வீட்டில் யார் யார், என்ன தொழில், உறக்கம் எப்படி, உணவு எப்படி, குடி உண்டா, முன்னர் நோய் கண்டதுண்டா என்று கேட்பார். "சாகலாம் என்று தோன்றியதுண்டா?" என்றும் நேராகவே கேட்கக்கூடும். அஞ்ச வேண்டாம். கேட்பதனால் அந்த எண்ணம் பிறந்துவிடாது. மறைத்து வைத்தவருக்கு அது வாயைத் திறக்கும் வழியாகும். சொன்னால் காவலர் வருவரோ என்ற அச்சமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய 309 ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

அவர் உடனே அறிவுரை பொழிவார் என்று எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றம் அடைவர். கணவன் குற்றமா, மனைவி குற்றமா என்று தீர்ப்புக் கூறவும் மாட்டார். அது ஊர்ப் பஞ்சாயத்தின் வேலை. அழுதால் அழவிடுவார், மௌனமானால் காத்திருப்பார். ஒரே நாளில் முடிவதுமன்று. வாரம் ஒருமுறையாகச் சில வாரங்களோ சில மாதங்களோ செல்ல நேரிடும். முதல் இரண்டொரு முறை பேசி வந்தபின் மனம் முன்னினும் கனப்பதுண்டு. மூடிக் கிடந்த புண்ணைக் கழுவும்போது எரிச்சல் எடுப்பது போன்றது அது. அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட வேண்டாம். அவரிடமே அதைச் சொல்லுங்கள்.

அந்நியர் எதற்கு என்று சகோதரி கேட்டார். நம் குப்பங்களில் வீட்டுக்கு வீடு உறவு. காலையில் மைத்துனரிடம் சொன்னது மாலையில் மீன் ஏலத்தில் பேச்சாகிவிடும். உற்றார் அன்பற்றவர் என்பதன்று. மகனை இழந்த துயரத்தில் அவர்களும் ஒரு பங்குதாரர். தந்தை தம் குற்ற உணர்வைச் சொன்னால், "அன்றைக்கு அவனை ஏன் படகில் ஏற்றினாய்?" என்று யாராவது கேட்டுவிடக்கூடும். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே அவர் வாயடைத்துக் கிடக்கிறார் போலும். அந்நியருக்கு நம் குடும்பத்தில் பக்கம் இல்லை, பகை இல்லை. அவருடைய அயன்மையே அங்கே நமக்கு மருந்து.

பங்குத்தந்தையிடம் சொன்னால் போதாதா என்பாரும் உளர். இரண்டும் வேறு வேறு. ஒப்புரவு அருட்சாதனம் பாவ மன்னிப்புக்குரியது, துயரம் பாவமன்று. இரகசியத்திலும் வேறுபாடு உண்டு. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983 ஆம் பிரிவின்படி, பாவசங்கீர்த்தன முத்திரை எக்காரணத்தாலும் உடைக்க இயலாதது. ஆற்றுப்படுத்துநர் காக்கும் இரகசியத்திற்கோ சில விலக்குகள் உண்டு: வந்தவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்வார், குழந்தை ஒன்று பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரிந்தால், 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி எவரும் தெரிவித்தே ஆகவேண்டும். முதல் நாளே இதைப்பற்றி அவரிடம் கேட்டுத் தெளிவது நன்று.

விசுவாசம் குறைந்தவரே இத்தகையோரிடம் செல்வர் என்ற எண்ணமும் தவறு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமது 42 ஆம் வயதில் யூதப் பெண்மணியான ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் வாரம் ஒருமுறையாக ஆறு மாதம் சென்றதை, 2017 இல் வெளியான உரையாடல் நூலில் தாமே கூறியிருக்கிறார். அவர் வெட்கப்படவில்லை, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனிக் கட்டணம். எவ்வளவு, எத்தனை முறை, வர இயலாத நாளுக்கும் பணம் உண்டா என்பதையெல்லாம் முன்னதாகவே கேளுங்கள். சென்னை சென்று திரும்புவது ஏழைக் குடும்பத்திற்கு ஒருநாள் வருவாய் இழப்பு. பேருந்துச் செலவு வேறு. சலுகை உண்டா, தொலைபேசியில் பேசலாமா என்று கேட்கத் தயங்க வேண்டாம். குலுக்கலிட்டு முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு உடையவர்கள், தம் முறை இல்லாத நாளைக் குறித்துக் கேட்கலாம்.

விலக வேண்டிய இடங்களும் உள. ஒரே அமர்வில் குணமாக்குவேன் என்று உறுதி கூறுபவர், உண்டுவரும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், பிறர் கதையை உங்களிடம் கூறுபவர், தகாத முறையில் தொடுபவர், கடன் கேட்பவர் ஆகியோரிடம் மறுமுறை செல்லாதீர்கள்.

குடியைப்பற்றி ஓர் எச்சரிக்கை. பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, அறிவு மயக்கம் தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். அதற்கு மருத்துவரின் துணை வேண்டும். காதில் குரல்கள் கேட்கின்றன என்பவருக்கும் பேச்சு மட்டும் போதாது. அரசு மருத்துவமனைகளில் செலவின்றி மருத்துவம் பெறலாம். 1794 இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் அரசு நடத்துவதே. செல்ல இயலாத இரவில், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கணவர் வர மறுத்தால்? சகோதரியே, முதலில் நீங்கள் தனியே செல்லுங்கள். மகனை இழந்தவர் அவர் மட்டுமல்லர், நீங்களும் தாய். இறாலைக் கூடையில் சுமந்து வீட்டையும் சுமக்கும் உங்களிடம், "நீ எப்படி இருக்கிறாய்?" என்று இந்த இரண்டாண்டில் யார் கேட்டார்கள்? நீங்கள் ஆறுதல் பெற்றுத் திரும்புவதைக் கண்டு, ஒருநாள் அவரும் உடன் எழக்கூடும். எழாவிட்டாலும், அவரோடு எப்படிப் பேசுவது, எதைப் பேசாதிருப்பது என்பதை நீங்கள் அறிந்து வருவீர்கள்.

பழவேற்காட்டு மக்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் ஏரியின் நீர் தேங்கிக் கெடும். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. அப்போது, மணலைக் கண்டு வெட்கப்பட்டு யாரும் வீட்டில் இருப்பதில்லை. ஊரே திரண்டு வாய் வெட்டுகிறது. மனிதர் மனமும் அவ்வாறே மூடிக்கொள்வதுண்டு. அதைத் திறக்கத் துணை தேடிச் செல்பவரைப் பைத்தியம் என்னாமல், அவருடைய பிள்ளைகளை அன்று மாலை வரை பார்த்துக்கொள்வோம் என்று முன்வருவதே அயலாராகிய நம் கடமை.