ஒரே லேப்டாப்பில் மூன்று லினக்ஸ்... ரீஸ்டார்ட்டும் வேண்டாம், பார்ட்டிஷனும் வேண்டாம்!

தம்பி இந்த வருடம் இன்ஜினீயரிங் முதலாண்டு. போன வாரம் கல்லூரியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் என் லேப்டாப்பைத் திறந்தான்.

"அக்கா, லேப்ல எல்லாமே உபுண்டு. உன்கிட்ட இருக்கறது ஃபெடோரா. சார் சொல்லிக் கொடுத்த இன்ஸ்டால் கமாண்ட் இதுல ஓடவே மாட்டேங்குது. ஒரு பார்ட்டிஷன் போட்டு உபுண்டுவை ஏத்திடவா?"

சமையலறையிலிருந்த அம்மா சட்டென்று எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் 'பார்ட்டிஷன்' ஒரு கெட்ட வார்த்தை. காரணம், நான்தான்.

டிப்ளமோ படித்தபோது, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்ளலாம் என்று 'டூயல் பூட்' முயற்சியில் இறங்கினேன். ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் தவறான வரியைத் தேர்வு செய்து 'ஃபார்மட்' கொடுத்துவிட்டேன். போனது, தாத்தாவின் சதாபிஷேகப் போட்டோக்கள். மீட்பு மென்பொருள் போட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாதியைத் தேடி எடுத்தேன். மீதி வரவேயில்லை. தாத்தாவும் இப்போது இல்லை.

அதனால் தம்பியிடம் சொன்னேன், "பார்ட்டிஷன் எல்லாம் வேணாம். காபி குடிச்சிட்டு வா, உபுண்டு ரெடியா இருக்கும்."

இருந்தது. ஃபெடோராவை மூடாமல், டிஸ்க்கைத் தொடாமல், அதே லேப்டாப்பில்!

எப்படிச் சாத்தியம்?

நாம் 'லினக்ஸ்' என்று சொல்வது உண்மையில் ஒரு கெர்னலின் பெயர். 1991-ல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. பிராசஸரில் எந்த வேலை எப்போது ஓட வேண்டும், மெமரியில் யாருக்கு எவ்வளவு இடம், கீபோர்டு, டிஸ்க், வைஃபையோடு எப்படிப் பேசுவது... இவையெல்லாம் கெர்னலின் பொறுப்பு.

அதற்கு மேல் நாம் பார்க்கும் மற்றவை எல்லாம் 'டிஸ்ட்ரோ' தயாரிப்பவர்கள் சேர்ப்பவை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் ஆகிய எல்லாவற்றிலும் அடியில் இருப்பது அதே லினக்ஸ் கெர்னல்தான். மென்பொருளை நிறுவும் முறை, லைப்ரரிகள், அவற்றின் பதிப்புகள்தான் வேறு. உபுண்டுவில் 'ஆப்ட்', ஃபெடோராவில் 'டி.என்.எஃப்.', ஆர்ச்சில் 'பேக்மேன்'. தம்பியின் கமாண்ட் ஓடாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் பாட்டி கல்யாணமான புதிதில் திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர். ஒரே வாசல், ஒரே கிணறு. ஆனால், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு, தனிச் சமையல். ஒரே கெர்னலில் பல டிஸ்ட்ரோக்கள் ஓடுவதும் இப்படித்தான். கெர்னல் என்ற கிணறு பொது. அடுப்பு மட்டும் தனித்தனி.

இது திடீரென்று வந்ததல்ல. ஒரு புரோகிராமுக்கு, 'இந்த ஃபோல்டர்தான் உன் முழு உலகம்' என்று காட்டும் 'சிரூட்' வசதி 1979-லேயே யுனிக்ஸில் வந்துவிட்டது. பிறகு லினக்ஸ் கெர்னலில், ஒரு குடித்தனத்தின் கண்ணுக்கு இன்னொன்று தெரியாமல் மறைக்கும் 'நேம்ஸ்பேஸ்' 2002 முதல் படிப்படியாகச் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு பிராசஸர் என்று அளந்து கொடுக்கும் 'சிகுரூப்' 2008-ல் வந்தது. இவற்றை வைத்து, 2013-ல் வந்த 'டாக்கர்' கன்டெய்னரை ஊரறியச் செய்தது.

இன்னொரு முக்கியமான காரணம் டோர்வால்ட்ஸின் பிடிவாதம். கெர்னலில் என்ன மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதில் அவர் கறார். அதனால்தான் புதிய கெர்னலின் மேல் பழைய டிஸ்ட்ரோவும் பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடுகிறது.

எனக்கே இது கைகொடுத்தது. யுனிகோடு வருவதற்கு முந்தைய ஃபான்ட்களில் டைப் செய்த தமிழ்க் கட்டுரைகளை மாற்ற என்னிடம் ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது பைத்தான் 2-ல் எழுதியது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. உபுண்டு 18.04-ஐ ஒரு பெட்டியில் ஏற்றி, அந்த ஸ்கிரிப்ட்டை அதில் ஓட்டுகிறேன். ஃபெடோரா, தம்பியின் புதிய உபுண்டு, என் பழைய உபுண்டு... ஆக மொத்தம் மூன்று!

நீங்கள் செய்து பார்க்க...

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'போட்மேன்', 'டிஸ்ட்ரோபாக்ஸ்' என்ற இரண்டு இலவச மென்பொருள்களை நிறுவினால் போதும். ஃபெடோரா, உபுண்டுவின் இப்போதைய பதிப்புகளில் வழக்கமான முறையிலேயே இவை கிடைக்கும். 'டிஸ்ட்ரோபாக்ஸ் கிரியேட்' கமாண்டில் வேண்டிய டிஸ்ட்ரோவின் பெயரைக் கொடுங்கள். தேவையானதை அதுவே இறக்கிக்கொள்ளும். பிறகு 'டிஸ்ட்ரோபாக்ஸ் என்டர்' கொடுத்தால், உள்ளே போய்விடலாம்.

உள்ளே போனதும் 'யுநேம்' கமாண்டில் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். எந்தப் பெட்டியில் பார்த்தாலும் ஒரே எண்தான் வரும். தம்பி இதை மூன்று முறை சோதித்த பிறகுதான் நம்பினான்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு 'டபிள்யூ.எஸ்.எல். 2' இருக்கிறது. அது பின்னணியில் ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிறது. நீங்கள் எத்தனை டிஸ்ட்ரோ ஏற்றினாலும், எல்லாம் அதற்குள் இருக்கும் ஒரே லினக்ஸ் கெர்னலைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் தனி விர்ச்சுவல் மெஷின் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெர்னல், தனியாக ஒதுக்கிய மெமரி என்று என் 8 ஜி.பி. லேப்டாப் திணறிவிடும்.

இதைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள்!

இரண்டு நாள் கழித்து, தம்பி தன் உபுண்டு பெட்டியில் 'இடத்தைச் சுத்தம் செய்கிறேன்' என்று ஒரு ஃபோல்டரை அழித்தான். "பெட்டிக்குள்ளதானே அழிச்சேன்" என்றான். அழிந்தது என் கட்டுரைகளின் மூலப் பிரதி. நல்லவேளை, வெளி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருந்தது.

டிஸ்ட்ரோபாக்ஸ் உங்கள் 'ஹோம்' ஃபோல்டரை எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாகவே கொடுக்கும். வசதிக்காகச் செய்தது அது. ஆனால், உள்ளே அழித்தால் வெளியிலும் போய்விடும். பெட்டியை உருவாக்கும்போதே 'ஹோம்' என்ற ஆப்ஷனில் வேறு ஃபோல்டரைக் கொடுத்தால், அங்கிருந்து வேலை செய்யலாம். அப்போதும் பழைய ஃபோல்டர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும் என்பதால் கவனம் தேவை. டபிள்யூ.எஸ்.எல்.லும் அப்படித்தான். அதற்குள்ளிருந்தே உங்கள் சி டிரைவைத் தொட முடியும்.

இரண்டாவது, கிணறு பொது என்பதை மறக்காதீர்கள். கெர்னலில் ஓட்டை என்றால், அது எல்லாக் குடித்தனத்துக்கும்தான். 2022-ல் வெளிவந்த 'டர்ட்டி பைப்' அப்படியான ஓட்டை. படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைல்களில், சாதாரண யூஸரும் எழுதிவிட முடிந்தது. பெட்டிக்குள் எவ்வளவு அப்டேட் செய்தாலும் இது சரியாகாது. வெளியே இருக்கும் கெர்னலைத்தான் அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நம்பிக்கையில்லாத மென்பொருளைச் சோதிக்க இந்தப் பெட்டிகள் ஏற்றவை அல்ல. அதற்கு விர்ச்சுவல் மெஷின்தான் சரி.

மூன்றாவது, உபுண்டு 18.04 போன்ற பழைய பதிப்புக்கு வழக்கமான அப்டேட் 2023-லேயே நின்றுவிட்டது. அதை ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இணையம் மேய வேண்டாம்.

தம்பிக்கு இப்போது லேப் வேலை வீட்டிலேயே ஓடுகிறது. அம்மாதான் இன்னும் எங்கள் இருவரையும் நம்பவில்லை. தாத்தாவின் மிச்சப் போட்டோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார்.

பேக்கப் விஷயத்தில், அம்மா சொல்வதுதான் சரி!