அடைப்பா, நிறுத்தமா? இருட்டில் சிபாப் மெஷின் போடும் கணக்கு

காலையில் எழுந்ததும் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் வேலையாகச் செல்போனில் ஆப்பைத் திறந்து ஸ்கோர் பார்ப்பவர்கள் இப்போது நம்ம ஈரோட்டுப் பக்கமும் இருக்கிறார்கள். ‘ஏ.ஹெச்.ஐ. 3’ என்று வந்தால் நிம்மதி. 12 என்று வந்தால் அன்றைக்குப் பூராவும் மனசு சரியில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ‘ஸ்லீப் ஆப்னியா’வுக்காக மாட்டிக்கொள்ளும் சிபாப் மெஷின் தரும் எண் அது. ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது, எத்தனை முறை குறைந்தது என்பதன் கூட்டுக் கணக்கு.

சரி, அதை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெஷின் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இதுதான். மூச்சு நின்றுபோன அந்தச் சில விநாடிகளில் மெஷின் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டதா, அல்லது தொண்டை திறந்தே இருந்தும் மூச்சை இழுக்கச் சொல்லி மூளை உத்தரவு தரவில்லையா? முதலாவது என்றால் காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது என்றால் கூட்டவே கூடாது.

இது யாரோ சிலருக்கு வரும் அபூர்வ நோய் அல்ல. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு மூச்சுப்பாதை அடைப்பால் வரும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. அதாவது 10 கோடிப் பேருக்கு மேல். ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. குறட்டை என்றால் கிண்டல் செய்யும் நம் வீடுகளில் அந்தச் செய்தி கொஞ்ச நாள் பேசப்பட்டது. பிறகு மறந்துபோச்சு.

வாய்க்காலில் தண்ணி வரலையே!

அடைப்புக்கும் நிறுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சட்டெனப் புரியும். கடைசிப் பாத்தியில் நிற்கிறீர்கள், ஹோஸ் பைப்பில் தண்ணீர் வரவில்லை. கரண்ட் போய் மோட்டார் நின்றிருக்கலாம். அல்லது மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நடுவில் எங்கோ பைப் மடங்கியிருக்கும். பைப்பின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நம் உடம்பில் மோட்டார் என்பது மூளையின் உத்தரவும், அதைக் கேட்டு இயங்கும் நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும். பைப் என்பது தொண்டை. தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து சரிந்து வழியை மூடிவிடுவது ‘அப்ஸ்ட்ரக்டிவ்’ வகை. மோட்டாரே சில விநாடி ஓய்ந்துவிடுவது ‘சென்ட்ரல்’ வகை. இதய பலவீனம் உள்ளவர்கள், சிலவகைக் கடும் வலி மருந்து எடுப்பவர்களிடம் இரண்டாவது வகை அதிகம். சிபாப் போட ஆரம்பித்த புதிதில் சிலருக்குப் புதிதாகவே சென்ட்ரல் வருவதும் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் தானாக அடங்கிவிடும்.

தூக்க ஆய்வுக் கூடத்தில் படுக்க வைத்துப் பரிசோதிக்கும்போது இதைப் பிரித்தறிவது சுலபம். நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டிவிடுகிறார்கள். காற்று வரவில்லை, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிப் போராடுகிறது என்றால் அடைப்பு. நெஞ்சும் அசையவில்லை என்றால் நிறுத்தம். தலையில் ஒட்டும் மின்முனைகள் ஆள் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பதையும் காட்டிவிடும்.

வீட்டில் இருக்கும் மெஷினுக்கு பெல்ட்டும் கிடையாது, மின்முனையும் கிடையாது. அதன் கையில் இருப்பது ஒரே ஒரு குழாய்.

ஊதிப் பார்க்கும் தந்திரம்

சிபாப்பைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன். ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 1981இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அதன் யோசனை எளிமையானது: மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை மெல்ல அழுத்திக் கொடுத்தால், சரியும் தொண்டை சரியாமல் நிற்கும். இந்த அழுத்தத்தை ‘சென்டிமீட்டர் தண்ணீர்’ என்ற அளவில் சொல்வார்கள். 10 என்றால், ஒரு டம்ளரில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அடியில் இருக்கும் அழுத்தம், அவ்வளவுதான். மெஷின்கள் வழக்கமாக 4 முதல் 20 வரை தரும்.

முதலில் வந்தவை ஒரே அழுத்தத்தில் ஓடுபவை. ராத்திரி முழுக்கத் தானே கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ’ மெஷின்கள் வந்த பிறகுதான் சிக்கலும் வந்தது. கூட்டுவதா, வேண்டாமா என்று மெஷினே முடிவெடுக்க வேண்டுமே!

அது முதலில் பார்ப்பது மூச்சுக் காற்றின் வடிவத்தை. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் காற்றோட்டத்தின் வரைபடம் சென்னிமலை மாதிரி வளைந்து ஏறி இறங்கினால், வழி நன்றாக இருக்கிறது. உச்சி வெட்டப்பட்டு மொட்டை மாடி மாதிரி தட்டையானால், வழி குறுகத் தொடங்கிவிட்டது. குறட்டையின் அதிர்வும் இதையே சொல்லும். மூச்சு முழுதாக நிற்பதற்கு முன்பே அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்ட நல்ல மெஷினுக்கு இந்தத் தட்டை போதும். அடைப்பைப் பிடிப்பதில் என் கண்ணுக்கு மிக அழகான பகுதி இதுதான். நின்ற பிறகு எண்ணுவதைவிட நிற்கவிடாமல் பார்ப்பது கெட்டிக்காரத்தனம் அல்லவா.

மூச்சு நின்றே போனால்? அப்போது தோட்டக்காரர் செய்வதையே மெஷினும் செய்கிறது. பைப்பின் வாயில் ஊதிப் பார்க்கிறது. காற்று உள்ளே போனால் வழி திறந்திருக்கிறது, அப்படியென்றால் மோட்டார்தான் நின்றிருக்கிறது. திருப்பி முகத்தில் அடித்தால் அடைப்பு. ரெஸ்மெட் நிறுவன மெஷின்கள் விநாடிக்கு 4 முறை, 1 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்தத்தை நடுங்க விட்டு, அந்த நடுக்கத்துக்கு ஏற்பக் காற்று உள்ளே போய்வருகிறதா என்று அளக்கின்றன. பிலிப்ஸ் மெஷின்கள் தனித்தனி அழுத்தத் துடிப்புகளை அனுப்பிப் பார்க்கின்றன. தூங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரியாது.

பெயர் வைத்ததில் பிலிப்ஸ் காட்டிய நேர்மையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இப்படி வழி திறந்திருந்த நிகழ்வுகளை அவர்கள் அறிக்கையில் ‘சென்ட்ரல்’ என்று போடுவதில்லை, ‘கிளியர் ஏர்வே’ என்றுதான் போடுகிறார்கள். மெஷினுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே! வழி திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். மூளை என்ன செய்தது என்று தெரியாது. மோட்டார் நின்ற அதே நேரத்தில் பைப்பும் மடங்கிக்கொள்வது உண்டு. அப்போது மெஷின் அதை வெறும் அடைப்பு என்றே எழுதிக்கொள்ளும்.

இன்னும் பெரிய எதிரி, கசிவு. வாய் திறந்துகொண்டாலோ மாஸ்க் ஒருபக்கம் தூக்கிக்கொண்டாலோ மெஷின் ஊதிய காற்று வெளியே போய்விடும். தொண்டை என்ன சொல்கிறது என்று அதற்குக் கேட்காது. ரெஸ்மெட் அறிக்கையில் ‘அன்நோன்’ என்று ஒரு வரி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். கசிவு அதிகமான இரவில் வந்த 3, கசிவில்லாத இரவில் வந்த 6ஐ விட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

அதோடு, நீங்கள் தூங்குகிறீர்களா என்பதே மெஷினுக்குத் தெரியாது. விழித்தபடி புரண்டு படுத்து பத்து விநாடி மூச்சைப் பிடித்தாலும் கணக்கில் சேர்ந்துவிடலாம். மாஸ்க் போட்டபடி ரீல்ஸ் பார்த்த ஒரு மணி நேரமும் ‘உபயோக நேரம்’தான், வகுத்தல் கணக்கில் அதுவும் போகும். எத்தனை மணி நேரம் மெஷின் ஓடியது என்ற தகவலை நம்பலாம், ஆனால் மூச்சு நின்ற எண்ணிக்கையையும் கசிவையும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவர் சங்கம் 2013லேயே சொல்லிவிட்டது.

ஸ்மார்ட் வாட்ச் விஷயமும் இப்படித்தான். சாம்சங், ஆப்பிள் இரண்டின் ஸ்லீப் ஆப்னியா வசதிக்கும் 2024இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ‘டாக்டரைப் பாருங்க’ என்று சொல்லும் அளவுக்கு அவை உதவும். அடைப்பா நிறுத்தமா என்பது மணிக்கட்டுக்குத் தெரியாது.

எண் இறங்கியது, ஆபத்து இறங்கவில்லை

இதெல்லாம் என்ஜினீயர்களின் தலைவலி, நமக்கென்ன என்று தோன்றலாம். 2015இல் வெளிவந்த ‘சர்வ்-ஹெச்.எஃப்.’ என்ற ஆய்வு அப்படி நினைக்க விடாது. இதயம் பலவீனமாகி, சென்ட்ரல் வகை அதிகமாக இருந்தவர்களுக்கு ஏ.எஸ்.வி. என்ற இன்னொரு வகை மெஷின் கொடுத்தார்கள். மூச்சு நிற்கும் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. ஆனால் மெஷின் போட்டவர்களிடம் இதய நோய் மரணங்கள் கூடியிருந்தன. வேறொரு நிறுவன மெஷினை வைத்துப் பின்னர் நடந்த ஆய்வில் அந்த ஆபத்து தென்படவில்லை, உண்மைதான். இருந்தாலும் சென்ட்ரல் உள்ள இதய நோயாளிக்கு எந்த மெஷின் என்பதை ஆன்லைன் ரிவ்யூ பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு மாஸ்க்கைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீங்க. அடைப்பு வகைதான் மிகப் பெரும்பான்மை, அதற்கு சிபாப் அருமையான சிகிச்சை. நம் கவலை வேறு. பரிசோதனை செய்யாமலேயே மெஷின் வாங்குவதும், வாங்கிய பிறகு அதன் அறிக்கையை யாரிடமும் காட்டாமல் இருப்பதும்தான். பத்தாயிரக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் கருவி, ஆனால் உள்ளே இருக்கும் எஸ்டி கார்டை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட வெளியே எடுக்காதவர்கள் எத்தனையோ பேர். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் நுரை சிதைகிறது என்பதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் பழைய மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நம் பகுதிக்கு இது ஏன் கூடுதல் முக்கியம்? சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஓடும் மண் இது. இரவெல்லாம் சேலம் – கோவை நெடுஞ்சாலையில் சரக்கு போகிறது. ஸ்லீப் ஆப்னியா உள்ள ஓட்டுநர்களுக்கு விபத்து அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. ஆனால் டிரைவிங் லைசென்ஸுக்கான மருத்துவப் படிவத்தில் கண், காது, மாலைக்கண், வலிப்பு பற்றியெல்லாம் கேட்கிறார்கள், தூக்கத்தைப் பற்றித் தனிக் கேள்வி இல்லை. குறட்டை விடுவீர்களா, பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் சொக்குமா என்ற இரண்டு வரிகளைச் சேர்ப்பதற்கு என்ன செலவு? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் டிரைவர்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம். ஆகவே கேள்வியோடு சிகிச்சைக்கும் வழி காட்ட வேண்டும், சிகிச்சையில் இருப்பவர் வண்டி ஓட்டலாம் என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். அவர் மெஷின் போடுகிறாரா, பலன் இருக்கிறதா என்பதை அந்த மெஷினின் அறிக்கையே காட்டும், படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால்.

அதற்கு ஏற்ற இடம் பெருந்துறை. ஒருகாலத்தில் காசநோய் சானடோரியமாக இருந்த வளாகம் அது. பின்னர் சாலைப் போக்குவரத்து நிறுவனமான ஐ.ஆர்.டி. நடத்திய மருத்துவக் கல்லூரி அங்கே வந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போது அது ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி. பஸ்ஸும் லாரியும் ஓட்டுபவர்கள் எஸ்டி கார்டோடும் மாஸ்க்கோடும் வந்து காட்ட, அங்கே வாரம் ஒரு நாள் ஒரு லேப்டாப்பும், அறிக்கை படிக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனும், கையெழுத்துப் போட ஒரு நெஞ்சக மருத்துவரும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

மெஷின் வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஆப்பின் ஸ்கோரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், முழு அறிக்கையைக் கொண்டு போங்கள். அதில் எத்தனை அடைப்பு, எத்தனை திறந்த வழி, எத்தனை ‘அன்நோன்’, கசிவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். எண் நன்றாக இருந்தும் பகல் தூக்கம் போகவில்லை என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.