வஞ்சகனைக் கொல்லுதலோ, விடுத்தலோ?

சென்ற கோடை விடுமுறையில் யாம் கல்வராயன் மலையடிவாரத்துள்ள எம் சிற்றூரில் தங்கியிருந்த காலை, எம் இளவல் கைப்பேசியிற் கதை விளையாட்டொன்றில் ஆழ்ந்திருந்தான். இவ்வகை விளையாட்டுகளிற் கதையின் போக்கைத் தெரிந்து நடத்துபவன் ஆடுவோனே ஆவன். அன்று அக்கதையில் ஓர் இடுக்கண் நேர்ந்தது. தலைவனோடு உடனுண்டு உடனுறங்கிய தோழன் ஒருவன், பொருளுக்கு ஆசைப்பட்டுப் பகைவர்க்கு அரண்வாயிலைத் திறந்துவிட்டான். பலர் மாண்டனர். இப்பொழுது அவன் கட்டுண்டு முழந்தாளிட்டிருக்கின்றான். திரையில் இரண்டு சொற்களே தோன்றின: 'கொல்', 'விடு'. இளவல் எம்மை நோக்கி, "அண்ணா, நீதான் படித்தவன், எதைத் தொடட்டும்? சொல்," என்றான்.

யாம் வாளாவிருந்தோம். அவன் சற்றே பார்த்துவிட்டுக் 'கொல்' என்பதைத் தொட்டான், வாள் வீழ்ந்தது. பின்னர் யாது நினைந்தானோ, சேமித்து வைத்த இடத்திற்கு மீண்டு சென்று 'விடு' என்பதையுந் தொட்டு, அதன் விளைவையுங் கண்டான். அரை நாழிகைக்குள் ஒருவனே இறந்தும் பிழைத்தும் நின்றான்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம் ஒரு சிறுவனது வினாவிற்கு விடையிறுக்க மாட்டாது நின்ற நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. விளையாட்டுத்தானே என்று இதனை இகழ்ந்து விடுதல் எளிது. ஆயினும் நம்பினவன் நம்மைக் காட்டிக் கொடுத்தவிடத்து யாது செய்தல் வேண்டும் என்னும் வினா, அரியணையில் இருப்பவர்க்கே யன்றி விடுதியறையில் இருப்பவர்க்கும் வருவதொன்று.

இதற்கு விடை தேட யாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, தென்பெண்ணையாற்றின் கரையில், பண்டையோர் திருக்கோவலூர் என வழங்கிய திருக்கோவிலூர் உளது. அவ்வூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணத்துள் விரித்தோதினார். முத்தநாதன் என்னும் பகையரசன் போரிற் பன்முறை தோற்றவன். வாளால் வெல்லலாகாமை கண்டு, திருநீறு பூசிய அடியார் வேடம் புனைந்து, சுவடிக் கட்டினுள் உடைவாளை மறைத்துக்கொண்டு அரண்மனை புக்கான். தத்தன் என்னுங் காவலன், அரசர் துயிலும் வேளையென்று தடுக்கவும் நில்லாது உட்சென்றான். எங்கும் இல்லாத ஆகமநூல் ஒன்று கொணர்ந்தேன் என்று கூறி, அரசியையும் அகலச் செய்து, தன்னை உயர்ந்த இருக்கையில் இருத்தித் தாம் நிலத்தமர்ந்து வணங்கிய மன்னரைக் குத்தி வீழ்த்தினான். ஓடிவந்த தத்தன் வாளோங்கினான். குருதி சோர வீழ்கின்ற மன்னரோ, தம் கையால் அவனைத் தடுத்து, இவர் நம்மவர், இவர்க்கு ஓர் இடையூறும் நேராவண்ணம் ஊரெல்லை கடத்திவிடுக என்று பணித்தார். செய்தி பரவ ஊரார் திரண்டு கொலைஞனைச் சூழ்ந்தனர். தத்தன் அரசாணை கூறி அவரை விலக்கி, அவனைக் காட்டெல்லையில் விடுத்து மீண்டான். அச்செய்தியைக் கேட்குந் துணையும் உயிர் தாங்கியிருந்த மன்னர், அவனுக்கு நன்றி நவின்ற பின்னரே உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றைச் சைவப் பெருமக்கள் வேடத்தின்பால் வைத்த பத்திக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுவர். யாம் கிறிஸ்து சமயத்தினேம். ஆயினும் சிலுவையில் அறையுண்ட வேளையிலும் தம்மைக் கொல்வோர்க்காகப் பிதாவை வேண்டிய ஆண்டவரைத் தொழுவார்க்கு இவ்வரலாறு அயலாகத் தோன்றுதல் இயலாது. எனினும் தடைகள் சில எழும். அவற்றை மறைத்தல் நேர்மையன்று.

முதல் தடை இது: மன்னர் தம் உயிரைப் பொறுத்தார், நாட்டை யார் காப்பார்? விடுத்த பகைவன் நாளையும் வாளொடு வாரானோ? இதற்கு யாம் கூறும் விடையாவது: மன்னர் அவனை ஊருள் உலவ விடுத்தாரல்லர், எல்லைக்கு அப்பால் போக்கினார். இறக்குமுன் தம் வழிவந்தோர்க்கும் நெறிகூறிச் சென்றார். உயிரை விடுத்தல் வேறு. நம்பிக்கையை மீளத் தருதல் வேறு. விளையாட்டிலுள்ள 'விடு' என்னுஞ் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயக்குகின்றது. வஞ்சித்தவனைக் கொல்லாதிருக்கலாம்; அதனால் அரண்வாயிலின் திறவுகோலை மீண்டும் அவன் கையிற் கொடுக்க வேண்டுமென்பதில்லை.

இரண்டாந் தடை இதனினும் வலிது. முத்தநாதன் குத்தியது மன்னரை. ஆதலின் பொறுக்கும் உரிமை மன்னர்க்கு உண்டு. அவன் தத்தனைக் கொன்றிருப்பின், தத்தனின் தாய் நிற்க, மன்னர் 'பொறுத்தேன்' என்றல் தகுமோ? தகாதென்றே யாம் துணிகின்றோம். பிறர் புண்ணைத் தான் மன்னித்தல் ஈகையன்று. பிறர் பொருளை எடுத்து வழங்குதல் போல்வது. திருவள்ளுவர் இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர். தீங்கு செய்தார் நாணுமாறு நன்மை செய்க என்பதை அவர் துறவறவியலில் வைத்தார். கொடுங்கொலைஞரை அரசன் ஒறுத்தல் பயிருக்குக் களையெடுத்தலை ஒக்கும் என்பதை அரசியலில் வைத்தார். ஒருவர் வாய்மொழியே இரண்டும். முன்னது தன் புண்ணை நோக்கியது, பின்னது நாட்டாரின் புண்ணை நோக்கியது.

இக்காலத்தும் இதற்குச் சான்று உண்டு. 1999 ஜனவரியில், ஒடிசாவின் மனோகர்பூர் என்னும் ஊரில், தொழுநோயாளரிடையே தொண்டாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ் என்பாரும் அவர்தம் இளம்புதல்வர் இருவரும் தாம் உறங்கிய வண்டியோடு எரிக்கப்பட்டனர். கைம்மை எய்திய கிளாடிஸ் அம்மையார், கொன்றவரைத் தாம் மன்னித்ததாக உலகறிய உரைத்தார். அதனால் வழக்கு நின்றுவிடவில்லை. விசாரணை நீதிமன்றம் 2003இல் முதற் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஒரிசா உயர்நீதிமன்றம் 2005இல் அதனை வாழ்நாட் சிறையாகக் குறைத்தது. உச்சநீதிமன்றம் 2011இல் அக்குறைப்பை நிலைநிறுத்தியது. அம்மையாரின் மன்னிப்பும் அரசின் தண்டனையும் ஒன்றையொன்று அழித்தில. தத்தம் இடத்தில் தனித்தனியே நின்றன. மன்னிப்போர் சட்டத்தைப் பகைக்க வேண்டுவதில்லை. சட்டம் நடத்துவோர் கொன்றே தீர வேண்டுமென்பதும் இல்லை.

நிற்க. இதுகாறும் குற்றம் மெய்யென்றே கொண்டு பேசினோம். விளையாட்டில் அஃது ஐயமற விளங்கும். ஏனெனில் கதை செய்தவனே அதனைக் காட்டிவிடுகின்றான். வாழ்க்கையில் அவ்வாறு காட்டுவார் இலர். 1894இல் சாமிநாதையரவர்கள் அச்சேற்றிய புறநானூற்றில், 46, 47ஆம் பாட்டுகளை அடுத்தடுத்து நோக்குக. இரண்டும் கோவூர்கிழார் பாடியவை. இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் சென்றான்; அங்கிருந்த நெடுங்கிள்ளி அவனை ஒற்றனென்று கருதிக் கொல்லப் புக்கான். கோவூர்கிழார் இடைபுகுந்து, பரிசில் தேடி ஊரூராகச் செல்லும் புலவர் பிறர்க்குத் தீங்கெண்ணுவார் அல்லர் என்று தெளிவித்து உயிர் மீட்டார். அவர் அன்று அங்கு இலராயின், பிழையற்ற ஒருவன் வஞ்சகன் என்னும் பெயரோடு மாண்டிருப்பான். அப்பிழை பின்னர் வெளிப்படினும் பயனென்னை?

மற்றைப் பாட்டு எம் திருக்கோவலூர்க்கே உரியது. கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் சிறுமக்களை யானைக்கு இடத் துணிந்தான். தந்தை செய்த பகை பிள்ளைகள் தலைமேல் வந்து விடிந்தது. அக்குழந்தைகளோ யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, கூடிநின்ற மன்றத்தை மருண்டு நோக்கினர் என்று புலவர் காட்டுகின்றார். சினமுற்ற அரசன் பகைவனின் குருதியைக் கண்டான். புலவரோ குழந்தைகளைக் கண்டார். அவர்களும் உய்ந்தனர் என்று அப்பாட்டின் குறிப்புரை கூறுகின்றது.

ஈண்டு எம் சொந்தப் பிழையொன்றையுங் கூறாது மேற்செல்லல் ஆகாது. யாம் மேல்நிலைப் பள்ளியிற் பயின்ற காலத்து ஒரு விடுதியில் இருந்தோம். இரவில் மதிலேறிச் சென்ற மாணவர் சிலரை யாரோ காப்பாளர்க்குக் காட்டிக் கொடுத்தனர். அவன்தான் என்று ஒருவனை எல்லோருஞ் சுட்டினர். சான்று யாதெனக் கேட்டார் இலர். மூன்று திங்கள் அவனொடு ஒருவரும் பேசவில்லை. உணவுக் கூடத்தில் அவன் அமர்ந்த பலகையில் மற்றொருவர் அமரவில்லை. யாமும் அமர்ந்திலேம். அவன் பள்ளியை விட்டே நீங்கினான். ஆண்டிறுதியில், காட்டிக் கொடுத்தவன் வேறொருவன் என்பது தெரிந்தது. அவ்வளவு பெயருள் ஒரு கோவூர்கிழாரேனும் இலராயினர். அவன் முகவரி தேடி யாம் எழுதிய மடலுக்கு இன்றளவும் மறுமொழி வந்திலது. சேமித்து வைத்த இடத்திற்கு மீளுதல் எம் இளவலுக்கு இயன்றது, எமக்கு இயலவில்லை.

கொலைத் தண்டனைமேல் யாம் கொண்ட வெறுப்பிற்குத் தலையாய காரணம் இதுவே. ஏனைத் தண்டனைகள் பிழைபடின் ஒரு சிறிதாயினுந் திருத்தலாம், இது திருத்தவொண்ணாதது. குற்றம் மெய்யேயாயினும், இது குற்றவாளியிடமிருந்து பறிப்பது உயிரை மட்டுமன்று, மனந்திரும்புதற்குரிய காலத்தையும் ஆம். ஓரிரவிலே ஆண்டவரைக் கைவிட்டவர் இருவர்: பேதுரு மும்முறை மறுதலித்தான்; யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்கு விற்றான். இருவரும் வருந்தினர், யூதாசு காசையுந் திருப்பிக் கொடுத்தான். ஆயினும் அவன் தன் வழக்கைத் தானே தீர்த்துத் தனக்குத்தானே தூக்குத் தண்டனை விதித்துக்கொண்டான். பேதுரு அழுதுகொண்டு காத்திருந்தான். காத்திருந்தவனுக்கு விடியல் வந்தது. மற்றவன் மூன்று நாள் பொறுத்திருப்பின் யாது கேட்டிருப்பான் என்று எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நடுங்குகின்றது.

பழைய ஏற்பாட்டிலும் இதற்கோர் ஒளியுண்டு. சாலொமோன் அரசேறிய காலை, அதோனியாவின் பக்கம் சாய்ந்தவருள் யோவாபைக் கொல்வித்தான். ஆசாரியனாகிய அபியத்தாரையோ பதவி நீக்கி, ஆனதோத் என்னும் அவனது ஊர்க்குப் போக்கினான். உயிர் விடுத்தான், பதவி விடுத்திலன். பன்னூறாண்டு கழிந்து அந்த ஆனதோத்தின் ஆசாரியர் நடுவிலிருந்தே எரேமியா தீர்க்கதரிசி தோன்றினார். விடுக்கப்பெற்றவன் ஊரில் எது முளைக்கும் என்பதை விடுத்தவன் அறியான்.

இறுதியாக ஒன்று. மெய்ப்பொருளார் கதையைக் கூறுவோர் பலரும் மன்னரையே புகழ்வர். எம் உள்ளமோ தத்தனிடம் நிற்கின்றது. மன்னித்தல் மன்னர்க்கு ஒரு சொல். அச்சொல்லைத் தெருவழியே நடத்திச் சென்றவன் தத்தன். கையில் வாளிருந்தது, தலைவனைக் கொன்றவன் அருகில் நடந்தான், ஊரார் வழிமறித்தனர். அந்நெடுவழி முழுதும் தன் சினத்தைத் தானே தாங்கிக் கொலைஞனுக்குக் காவலாய் நடந்தான். விளையாட்டில் தத்தன் இலன்; 'விடு' என்பதைத் தொட்டதும் கதை மேற்செல்லும். உலகிலோ ஒவ்வொரு மன்னிப்பிற்கும் ஒரு தத்தன் வேண்டும்: சிறைக்காவலன், வழக்குரைஞன், ஊராரின் ஏச்சைக் கேட்டுங் கதவைத் திறந்துவிடும் ஒரு தாய். மன்னிப்பை எளிதென்பார் தத்தனை எண்ணிலர்.

நண்பர்காள், எம் துணிபு இதுவாகும். முதலில் அவன் வஞ்சகன்தானோ என்று ஆராய்க. குற்றத்தைச் செய்தவன் அளவில் நிறுத்துக, அவன் மக்கள்மேல் ஏற்றற்க. தன் புண்ணைத் தான் பொறுத்தல் நன்று. பிறர் புண்ணுக்கு அவர் சொல் கேளாது தீர்ப்புரைத்தல் தீது. காவலும் விலக்கும் வேண்டுமளவு செய்க. கட்டுண்டு முழந்தாளிட்டவனைக் கொல்லற்க. நம்மில் அரசராவார் இலர். ஆயினும் ஆசிரியராவோம், விடுதிக் காப்பாளராவோம், வழக்கறிஞராவோம், பெற்றோராவோம். அவ்விடங்களில் எல்லாம் முழந்தாளிட்ட ஒருவன் நம்முன் வருவான்.

விடுமுறை முடிந்து புறப்பட்ட அன்று இளவலிடம் இவற்றைச் சுருங்கக் கூறினோம். அவன், "அப்படியானால் அவனை ஊர் எல்லைவரை யார் கொண்டுபோய் விடுவது?" என்று கேட்டான். யாம் கூறாமலே அவன் தத்தனைக் கண்டுகொண்டமை எமக்கு மகிழ்ச்சி தந்தது. அவ்வினாவிற்கு மட்டும் யாம் உடனே விடையிறுத்தோம்: "நாம்தான்."