முதல் மழைக்கு முன்னே எட்டுக் கிழமை

ஊர் திரும்பும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு முதலில் வேண்டியவை எவை என்று கேட்டால், கூரை, கிணறு, வேலி, விதைநெல் என்று எவரும் வரிசையாகச் சொல்லிவிடுவர். மாடு உள்ளவர்கள் உழவு மாட்டையும் சேர்த்துக் கொள்வர். ஆனால் அந்த மாடு இன்று உழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்ற கேள்வியை எழுப்புவோர் எம்மிடையே மிகக் குறைவு. இக்கேள்வியைக் கேளாமல் விட்டதால் விதைப்புக் காலத்திலேயே மாட்டை இழந்து, கடனை மட்டும் மிச்சமாகக் கண்ட குடும்பங்கள் உண்டு. எனவே இதுபற்றிச் சற்றுச் சிந்திப்பது பயனுள்ளதாகும்.

எமது கரையோரம் அடிக்கடி பெயர்ந்த கரையோரம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது நிலாவெளியிலும் அதற்கு வடக்கேயுள்ள கிராமங்களிலும் இருந்த மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். நலன்புரி நிலையங்களில் தங்கியோரும் உண்டு, படகேறி இந்தியா சென்றோரும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலருக்கு 2015இலும் 2016இலுமே சொந்தக் காணி திரும்பக் கிடைத்தது. இத்தனை பெயர்வுகளிலும் மனிதரைப் பற்றிய கணக்கு ஏதோ ஒரு காரியாலயத்தில் இருக்கிறது. மாடுகளைப் பற்றிய கணக்கு எங்கும் இல்லை. அவிழ்த்து விடப்பட்டவை காட்டோடு சேர்ந்தன. கூடவே கொண்டு வரப்பட்டவை முகாமின் ஓரத்தில், கட்டுக் கயிற்றின் நீளத்துக்குள், கிடைத்ததைத் தின்று ஆண்டுகளைக் கழித்தன.

இன்று எமது வயல்களிற் பெரும்பாலானவை உழவு இயந்திரத்தாலேயே உழப்படுகின்றன என்பது உண்மைதான். அப்படியிருக்க மாட்டைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. இயந்திரம் இருந்தும் உழ முடியவில்லை. அவ்வேளை பட்டியில் நின்ற மாட்டைப் பலர் திரும்பிப் பார்த்தனர். ஆனால் ஆண்டுக்கணக்காக நுகம் காணாத மாடு, எண்ணெய் இல்லை என்பதற்காக ஒரே நாளில் உழவு மாடு ஆகிவிடாது. இயந்திரத்தைச் சாவி போட்டால் இயக்கலாம். மாட்டை அவ்வாறு இயக்க முடியாது.

மெலிந்த மாட்டின் கணக்கு

ஒரு மாடு தன் உடல் நிறையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இழுவையைத்தான் சில மணி நேரம் தொடர்ந்து தாங்கும். 250 கிலோ நிறையுள்ள நாட்டு மாடு 25 கிலோ அளவான இழுவையை வருந்தாமல் இழுக்கும். அதே மாடு இளைத்து 200 கிலோ ஆகிவிட்டால் 20 கிலோதான். மாடு இளைத்ததென்று கலப்பை இளைப்பதில்லை. மண்ணும் இளகுவதில்லை. மாறாக, பல ஆண்டு தரிசாய்க் கிடந்த நிலம் முன்னையிலும் இறுகிப்போய், புல்லும் வேருமாய் இருக்கும். ஆக, பலம் குறைந்த மாட்டிடம் கூடிய வேலையைக் கேட்கிறோம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 20 சென்ரிமீற்றர் அகலச் சாலாக ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுவதற்கு மாடுகள் சுமார் 20 கிலோமீற்றர் நடக்கவேண்டும். நெல்வயலுக்கு இரண்டு மூன்று உழவு வேண்டும். அப்படியானால் ஏக்கருக்கு 40 முதல் 60 கிலோமீற்றர், அதுவும் சேற்றில், பாரத்தை இழுத்தபடி. கட்டையில் நின்ற மாட்டை அவிழ்த்து நேரே இந்தப் பயணத்துக்கு அனுப்புவது எவ்வளவு நியாயம்?

“மாடு மாடுதானே, இரண்டு நாள் உழுதால் பழகிவிடும்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இப்பேச்சு பாதி உண்மை. அதனாலேயே ஆபத்தானது. மூச்சும் தசையும் சில கிழமைகளில் தேறிவிடும். தசைநாரும் மூட்டும் எலும்பும் தேறுவதற்கு மாதங்கள் செல்லும். வெளியே பார்ப்பவருக்கு மாடு உசாராய்த் தெரியும்போது உள்ளே கால்கள் இன்னும் தயாராகவில்லை. நொண்டல் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடைக்காலத்திலேதான்.

குதிரை வைத்து வேலை வாங்கிய நாடுகளில் இதை நன்கு அறிந்து வைத்திருந்தார்கள். எம்மவர்க்குக் குதிரை என்றால் நெடுந்தீவில் திரியும் குதிரைகளே நினைவுக்கு வரும். அவை ஏர் இழுப்பவை அல்ல. ஆனால் வெளிநாடுகளில் வண்டிலும் ஏரும் இழுத்த குதிரைகளை நீண்ட ஓய்வின் பின் வேலைக்குத் திருப்பும்போது, முதல் இரண்டு மூன்று கிழமை வெறும் நடையே கொடுப்பார்கள். முழு வேலைக்கு வர ஆறு எட்டுக் கிழமையாகும். ஞாயிறன்று வேலையில்லாமல் நிறையத் தீன் தின்ற குதிரையைத் திங்களன்று திடீரெனப் பூட்டினால், தசை இறுகி, சிறுநீர் கறுத்து, நடக்க முடியாமல் விழுந்துவிடுவதும் உண்டு. அதற்குத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். மாடு குதிரையல்ல. தின்பதும் இழுப்பதும் வேறு. ஆயினும் ஓய்விலிருந்து உழைப்புக்குப் படிப்படியாகத்தான் ஏறவேண்டும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

எட்டுக் கிழமை ஒழுங்கு

எமது பெரும்போகத்துக்கு ஐப்பசி மழையோடு உழவு சூடுபிடிக்கும். அப்படியாயின் மாட்டுக்கு வேலை தொடங்கும் நாள் ஐப்பசியில் இல்லை, ஆவணியில் இருக்கிறது. என் கருத்தில் பின்வரும் ஒழுங்கு எந்தக் குடும்பத்துக்கும் இயலக்கூடியது.

1. ஆவணிக்கு முன்பே மிருக வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். கால்வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போடவேண்டுமா என்று கேளுங்கள். ஊசி போட்டபின் சில நாள் ஓய்வு வேண்டும். கால்வாய் நோய் வந்து மாறிய மாடு சிலவேளை வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும். அத்தகைய மாட்டை அறிந்து வைத்துக் கொள்ளுங்கள்.

2. முதல் இரண்டு கிழமை நுகம் வேண்டாம். காலையில் கயிற்றைப் பிடித்து இறுகிய தரையில் அரை மணி நேரம் நடத்துங்கள். பின் ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள்.

3. மூன்றாம் கிழமை சோடி சேர்த்து வெறும் நுகம் வைத்து நடத்துங்கள். உயரமும் பலமும் ஒத்த சோடியாக இருக்கவேண்டும். தேறிய மாட்டோடு இளைத்த மாட்டைப் பூட்டினால் இளைத்ததே அழியும்.

4. நான்காம் கிழமை ஒரு சிறு மரக்குற்றியை இழுக்க விடுங்கள். இருபது நிமிடம் இழுவை, பின் ஓய்வு.

5. ஐந்தாம் ஆறாம் கிழமைகளில் வெறும் வண்டில், அல்லது மணற்பாங்கான தோட்ட நிலத்தில் ஆழமில்லாத உழவு. ஒரு மணி நேரம் போதும்.

6. ஏழாம் எட்டாம் கிழமைகளில் காலையும் பின்னேரமுமாக இரண்டு மணி நேரம். மூன்று நாள் வேலைக்கு ஒரு நாள் முழு ஓய்வு.

இதன் பின்னரே வயல். அப்போதும் வெயில் ஏறமுன் அவிழ்த்துவிட வேண்டும். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது. எருமைக்கு வியர்வை மிகக் குறைவு. அது உடம்பை ஆற்றுவது தண்ணீரிலும் சேற்றிலுமே. குளமோ மடுவோ இல்லாத இடத்தில் எருமையை வெயிலில் உழ விடுவது கொல்வதற்குச் சமம்.

மாடு பேசாது என்கிறோம். அதன் விலா பேசும். வேலைக்கு முன் நிழலில் நிற்கும்போது விலா ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை எழுந்து தாழ்கிறது என்று எண்ணுங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் ஆறிய பின் மீண்டும் எண்ணுங்கள். முன்னைய எண்ணிக்கைக்குக் கிட்ட வந்துவிட்டால் அந்த வேலை அதற்குத் தாங்கும். வராவிட்டால் அன்று அதிகமாகிவிட்டது, மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். நாக்கு வெளியே தொங்கி, வாய் திறந்து மூச்செடுத்து, நுரை வடிந்து, பின்னங்கால் தள்ளாடினால் அந்த இடத்திலேயே நுகத்தை இறக்குங்கள். சால் பாதியில் நின்றால் நிற்கட்டும். பூவரசங் கம்பால் அடித்து எழுப்பிய மாடு இன்னும் பத்து அடி நடக்கும், பதினோராவது அடியில் விழும்.

நுகம் படும் இடத்தை நாள்தோறும் கையால் தடவிப் பாருங்கள். நீண்ட காலம் நுகம் காணாத தோல் மெல்லியது. வீக்கமோ, மயிர் உதிர்வோ, புண்ணோ கண்டால் ஆறும்வரை பூட்டக் கூடாது. புண்ணின்மேல் சாக்குத் துண்டைப் போட்டுப் பூட்டுவது புண்ணை எம் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர மாட்டின் உடம்பிலிருந்து அகற்றுவதில்லை.

தீன் இல்லாமல் வேலை இல்லை

வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்பும், பலத்தைக் கொடாது. சீமைக்கிளுவை, இப்பிலிப்பில், முள்முருக்கு ஆகியவற்றின் இலைகள் எமது வேலிகளிலேயே இருக்கின்றன. வைக்கோலோடு இவற்றையும் சேருங்கள். இயன்றவர்கள் தவிடும் பிண்ணாக்கும் கொடுக்கலாம். ஆனால் மெலிந்த மாட்டுக்குத் திடீரென அள்ளிக் கொடுத்தால் வயிறு கெடும். தீனையும் வேலையைப் போலவே சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். உப்பும், வேண்டியமட்டும் நல்ல தண்ணீரும் எப்போதும் கிடைக்க வேண்டும். கடற்கரையை அண்டிய எமது இடங்களில் கிணற்றுநீர் உவராகும் காலங்களில் இதில் தனிக்கவனம் தேவை.

2022 டிசம்பரில் ‘மாண்டஸ்’ சூறாவளியோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. ஈரத்தில் நனைந்து குளிர்காற்றில் நின்ற பிராணிகள் அவை. உடம்பில் சதைப்பிடிப்பு இல்லாத மாடு உழைப்பையும் தாங்காது, குளிரையும் தாங்காது. உழவு முடிந்து களைத்த மாட்டை மார்கழி மழையில் திறந்த வெளியில் விடுவோர் இதை மனதில் இருத்த வேண்டும்.

மழை காத்திருக்குமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “எட்டுக் கிழமை என்று எழுதுவது இலகு. எங்களுக்கோ நேற்றுத்தான் காணி கிடைத்தது. மழை காத்திருக்காது, கடன்காரனும் காத்திருக்கமாட்டான்” என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு என் யோசனை இதுதான்: முதற் போகத்தில் முழு வேலையையும் மாட்டின் தலையில் சுமத்த வேண்டாம். இறுகிய தரிசின் முதலாம் உழவை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து இயந்திரம் பிடித்துச் செய்துகொள்ளுங்கள். இளகிய மண்ணில் மறு உழவையும் பலகையால் மட்டப்படுத்தும் வேலையையும் மட்டும், மாடு தாங்கும் அளவுக்கு, அதனிடம் விடுங்கள். அதற்கும் இயலாவிட்டால் இம்முறை அரை ஏக்கரோடு நிறுத்துங்கள். அரை ஏக்கர் குறைந்தால் ஒரு போகத்தின் நட்டம். மாடு செத்தால் வரப்போகும் போகங்கள் எல்லாவற்றின் நட்டம்.

உதவி செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாழ்வாதார உதவியாக மாடு வழங்கும்போது, மழை தொடங்கும் நேரத்தில் வெளியூரில் வாங்கி, லொறியில் நெருக்கி ஏற்றி வந்து, படம் பிடித்துக் கையளிப்பதாற் பயனில்லை. புதிய இடம், புதிய தண்ணீர், புதிய சோடி, உடனே உழவு என்றால் எந்த மாடும் தாங்காது. கொடுப்பதை ஆடியில் கொடுங்கள். மழைவரை வேண்டிய தீனுக்கும் சேர்த்துக் கொடுங்கள். மிருக வைத்தியர் வந்து பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். எத்தனை மாடு கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுவதற்குப் பதிலாக, இரண்டாம் பெரும்போகத்தில் எத்தனை மாடு உயிரோடு உழுகிறது என்று எழுதுங்கள். அதுவே உண்மையான கணக்கு.

சில மாடுகளைத் திருப்பவே கூடாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பல் தேய்ந்து இரை மீட்க முடியாதது, மூட்டு வீங்கி நிரந்தரமாக நொண்டுவது, ஓயாது இருமுவது, மூன்று வயது நிரம்பாத நாம்பன் ஆகியன நுகத்துக்கு உரியவை அல்ல. அவற்றின் எருவே தோட்டத்துக்குப் போதிய உதவி.

தைமாதத்தில் பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் மாட்டுக்கு நாம் காட்டும் நன்றி தையில் மட்டும் நின்றுவிடலாகாது. வருகிற ஆவணியில் ஒரு காலை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அதனோடு நடவுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். விலாவை எண்ண அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். செலவில்லாத வேலை இது. இதை இவ்வாண்டே தொடங்குவோமா?